எதிர்ப்பொருளைத் தேடுவதற்குப் பலூனா, விண்வெளி நிலையமா?

உவர்மலையில் நான் நடத்தும் உயர்தரப் பௌதிகவியல் வகுப்பில், விண்வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர்களில் எதிர்ப்பொருளை, அதாவது சாதாரணத் துகள்களை ஒத்தும் நேர்மாறான மின்னேற்றம் கொண்டும் உள்ள துகள்களை, தேடும் பலூன்கள் அந்தாட்டிக்காவில் பறக்கவிடப்படுவதை விளக்கிக்கொண்டிருந்தபோது, "நிலாவெளியில இருந்து விட்டா ஏறாதோ சேர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். பலூன் ஏறும், தேடும் துகள்தான் இங்கே வந்து சேராது. நமது அகலக்கோட்டில் புவிக் காந்தப்புலம் தரைக்கு ஏறத்தாழச் சமாந்தரமாக இருப்பதால், மேலிருந்து நேராக இறங்கும் புரோத்தனுக்கு 15 கிகா இலத்திரன்வோல்ற்றுக்கும் கூடுதலான சக்தி வேண்டும். முனைவுகளை அண்டிய வானில் அந்தத் தடை மிகக் குறைவு.

யப்பானும் அமெரிக்காவும் இணைந்து அமைத்த பெஸ்-போலார் கருவி, 2007 டிசம்பரில் பலூனில் சுமார் 36 கிலோமீற்றர் உயரத்துக்கு ஏறி, 24 நாட்களுக்கு மேல் அவதானித்து, புரோத்தனின் எதிர்த்துகளான எதிர்ப்புரோத்தன்களில் ஏறத்தாழ 8,000ஐப் பதிவுசெய்தது. கடுங்குளிரில் மின்தடையின்றி இயங்கும் அதன் மீகடத்திக் காந்தத்தின் புலம் 0.8 தெஸ்லா. வெண்கட்டியால் கரும்பலகையில் இரண்டு வளைகோடுகளை வரைந்து, புரோத்தன் ஒரு பக்கமும் எதிர்ப்புரோத்தன் மறுபக்கமும் வளைவதைக் காட்டினேன். புலம் வலுக்க வலுக்க அவ்விரண்டையும் பிரித்தறிவது எளிதாகிறது. ஆனால் அக்காந்தத்தைக் குளிர்விக்கும் திரவ ஈலியம் ஆவியாகித் தீர்ந்துவிடும்.

2011 மே மாதத்தில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்ட ஏஎம்எஸ்-02 என்ற துகள் உணர்கருவி இந்த இக்கட்டை வேறு வழியில் தீர்த்தது. அதற்கும் முதலில் மீகடத்திக் காந்தமே திட்டமிடப்பட்டிருந்தது; நீண்ட ஆயுளுக்காக, சுமார் 0.15 தெஸ்லா மட்டுமே தரும் நிலைக்காந்தத்தைப் பொருத்தினார்கள். புலத்தைக் கொடுத்துக் காலத்தை வாங்கிய அந்த முடிவு சரியானது என்றே கருதுகிறேன், ஏனெனில் உயர்சக்தித் துகள்கள் அரிதாகவே வருகின்றன, அவற்றுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கத்தான் வேண்டும். அத்துடன், பலூனுக்கு மேலே எஞ்சியுள்ள மெல்லிய வளியில் அண்டக் கதிர்கள் மோதுவதால் புதிதாகப் பிறக்கும் எதிர்ப்புரோத்தன்களைக் கணக்கிட்டுக் கழிக்கும் தொல்லையும் அங்கில்லை.

எனினும், ஒளியை வெளிவிடாமல் ஈர்ப்பால் மட்டுமே அறியப்படும் கரும்பொருளின் தடயமாகக் கருதப்படும் தாழ்சக்தி எதிர்த்தியூத்தரனை (ஓர் எதிர்ப்புரோத்தனும் ஓர் எதிர்நியூத்திரனும் இணைந்தது) தேடுவதானால் நான் பலூனின் பக்கமே நிற்பேன். நிலையத்தின் பாதை 51.6 பாகை அகலக்கோட்டைத் தாண்டாததால், அத்தகைய துகள்களைச் சந்திக்கும் நேரம் அதற்குக் குறைவு. அந்தாட்டிக்க வானுக்கென வடிவமைக்கப்பட்ட கேப்ஸ் கருவியில் காந்தமே கிடையாது. வேகம் தணிந்து சிலிக்கனுக்குள் நிற்கும் எதிர்த்துகளை அங்குள்ள அணுக்கரு பிடித்துக்கொள்ள, அது படிப்படியாக உள்ளிறங்கும்போது எக்ஸ் கதிர்களை வெளிவிட்டு, இறுதியில் அழிந்து பையோன்கள் எனும் குறுகிய ஆயுள் துகள்களாகச் சிதறுகிறது. அந்த எக்ஸ் கதிர்களின் சக்தி துகளின் திணிவைப் பொறுத்து மாறுவதால், வந்தது எதிர்ப்புரோத்தனா எதிர்த்தியூத்தரனா என்று பிரித்தறியலாம்.