வேட்பாளரிடம் கலைக்கொள்கையைக் கேட்பது: வினாத்தாளா, மேடையா, நேர்ச்சந்திப்பா?

"கலையை ஆதரிப்பீர்களா?" என்று கேட்டால் மாட்டேன் என்று எந்த வேட்பாளரும் சொல்லப்போவதில்லை. பதிலை அளந்து பார்க்க முடிகிற கேள்வி வேண்டும். பண்பாட்டுக்கான நிதி ஒதுக்கீடு விலைவாசியோடு சேர்ந்து உயர வாக்களிப்பீர்களா? மானியம் யாருக்கு என்று முடிவெடுப்பது அமைச்சரா, தனித்து இயங்கும் குழுவா? (1946இல் தொடங்கிய பிரிட்டன் கலை மன்றம் இரண்டாவது வழியைத் தேர்ந்தது.) கலைஞர்களுக்குச் சமூகப் பாதுகாப்பு வேண்டுமென்று யுனெஸ்கோ 1980இலேயே பரிந்துரைத்தது, நீங்கள் எந்த ஆண்டுக்குள் செய்வீர்கள்?

எழுத்து வினாத்தாளின் பலம், தேர்தல் முடிந்த பிறகும் அது கையில் இருப்பது. ஐந்து கேள்விகள் போதும். பன்னிரண்டு அனுப்பினால் பதிலே வராது. ஒவ்வொன்றுக்கும் 'ஆம் / இல்லை', கீழே நூறு சொல் விளக்கம். வாக்குப்பதிவுக்கு ஆறு வாரம் முன்பு, எல்லா வேட்பாளருக்கும் ஒரே நாளில், இரண்டு வாரக் கெடுவோடு அனுப்புங்கள். வந்த பதிலில் ஒரு சொல்லைக்கூடத் திருத்தாமல் வெளியிடுங்கள்; வராதவர் பெயருக்கு எதிரே 'பதில் இல்லை' என்றே போடுங்கள். அமெரிக்காவில் 501(சி)(3) என்ற வரிச்சட்டப் பிரிவின்கீழ் வரிவிலக்கு பெற்ற அமைப்புகள் வேட்பாளரை ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது என்பதால், கேள்வியின் சொற்களில் சாய்வு தெரிந்தாலே அவற்றுக்குச் சிக்கல். இந்த வழியின் பெரிய குறை, பதிலை எழுதுவது பெரும்பாலும் பிரசாரக் குழு. கட்சி அறிக்கையின் பத்தி அப்படியே வந்து விழும். உள்ளாட்சி வேட்பாளரிடம் பதிப்புரிமைச் சட்டத்தைக் கேட்டால் அந்தப் பத்திகூட வராது. அவர் கையில் இருப்பது அரங்க வாடகையும் உரிமக் கட்டணமும்தான்.

வேட்பாளர்களை ஒன்றாக அமர்த்திக் கேட்கும் மேடையில் பிரசாரக் குழு உடன் இருக்காது. விஷயம் தெரிந்தவர் யார் என்பது இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். ஆனால் கணக்குப் போடாமல் இறங்கக் கூடாது: ஆறு வேட்பாளர், ஆளுக்கு 90 விநாடி என்றால் ஒரு கேள்விக்கு 9 நிமிடம். ஒன்றரை மணி நேரத்தில் வரவேற்பும் பார்வையாளர் கேள்விகளும் போக, ஆறு கேள்வி தேறினால் அதிகம். முதலில் பேசுகிறவர் ஒவ்வொரு கேள்விக்கும் மாற வேண்டும். பார்வையாளர் கேள்விகளைச் சீட்டில் வாங்குங்கள். ஒலிவாங்கியைக் கொடுத்தால் கேள்வி சொற்பொழிவாகிவிடும். "எந்த நிதி ஒதுக்கீட்டிலிருந்து அந்தப் பணம் வரும்?" என்று மறித்துக் கேட்கிற நெறியாளர் இல்லையென்றால் கைதட்டல்தான் மிச்சம். ஒரே ஒருவர்தான் வருகிறார் என்றால் கூட்டத்தை ரத்து செய்வதே நல்லது, இல்லாவிட்டால் அது அவருடைய பிரசார மேடை.

நேர்ச்சந்திப்பு, வேட்பாளருக்கு விஷயத்தைப் புரியவைக்க உதவும்; வாக்குறுதி வாங்க உதவாது. இருபது நிமிடம், மூன்று பேர், ஒரு பக்கக் குறிப்பு. பேசியதை அன்று மாலையே மின்னஞ்சலில் எழுதி அனுப்பாவிட்டால், 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்பார்.

ஒன்றுக்குத்தான் ஆள்பலம் உண்டென்றால் வினாத்தாள். இரண்டுக்கு முடியுமென்றால், மழுப்பலான பதில்களை மட்டும் பொறுக்கி, அவற்றையே மேடைக் கேள்விகளாக்குங்கள்.