"கடையை மூடுகிறோம், பாதி விலை": ஸ்கி ஹெல்மெட் வாங்குவோர் கவனத்துக்கு

சுவிஸில் பிள்ளைகளை ஸ்கி லாகருக்கு (பனிச்சறுக்கு முகாமுக்கு) அனுப்பப் போகிறவர்கள் இதை ஒருக்கா வாசியுங்கள். பேஸ்புக்கில் ஒரு விளம்பரம் அடிக்கடி வருகிறது. சூரிச்சில் பல வருடம் நடத்திய குடும்பக் கடையை மூடுகிறார்களாம், எல்லாம் பாதி விலையாம். கடை வாசலில் ஒரு வயதான தம்பதி சிரித்தபடி நிற்பார்கள். இணைய முகவரியும் சுவிஸ் முகவரிதான். அங்கே ஹெல்மெட் வாங்காதீர்கள்.

மகளின் பாடசாலைக் கடிதத்தில் ஹெல்மெட் கட்டாயம் என்றிருந்தது. அந்தத் தளத்தில் ஸ்கி, ஸ்னோபோர்டு இரண்டுக்கும் பொருந்தும், ஈஎன் 1077 என்ற ஐரோப்பியப் பாதுகாப்புத் தரச் சான்று உண்டு, மூளையைக் காக்கும் மிப்ஸ் என்ற உள் அடுக்கு உண்டு என்று போட்டு 59 பிராங்குக்கு விற்றார்கள். வாரக்கணக்கில் காத்திருந்த பிறகு பொதி வந்தது, சீனாவிலிருந்து.

உள்ளே ஒட்டியிருந்த லேபிளில் ஈஎன் 1078 என்று இருந்தது. அது சைக்கிளுக்கும் ஸ்கேட்போர்டுக்கும் உரிய தரம். ஸ்கிக்கு உரிய 1077இல், கூரான பொருள் ஹெல்மெட்டைத் துளைத்து உள்ளே போகிறதா என்றும் சோதிப்பார்கள். சறுக்குக் கோலின் முனையும் ஸ்கியின் விளிம்பும் இருக்கிற இடத்தில் அது தேவைதானே. 1078இல் அந்தச் சோதனையே இல்லை. ஆக, சைக்கிள் ஹெல்மெட் ஒன்றுக்குக் காது மூடியைத் தைத்து அனுப்பியிருக்கிறார்கள்! தயாரித்தவர் பெயரோ முகவரியோ எங்கும் இல்லை.

மிப்ஸ் கதை இன்னும் மோசம். உண்மையான மிப்ஸில் உள்ளே ஒரு மெல்லிய அடுக்கு இருக்கும். சரிவாக விழுந்து அடிபடும்போது அது 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை நகர்ந்து, மூளைக்குப் போகும் சுழற்சி விசையைக் குறைக்கும். ஹெல்மெட்டின் வெளிப்புறத்தை ஒரு கையால் பிடித்து உட்பகுதியை மறு கையால் தள்ளினால் அந்த அசைவு தெரியும். எங்களுக்கு வந்ததில் மஞ்சள் பிளாஸ்டிக் துண்டுகளை நுரையோடு பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். அசையவே இல்லை.

மின்னஞ்சல் போட்டோம். "ஹெல்மெட்டை நீங்களே வைத்திருங்கள், 15 வீதம் திருப்பித் தருகிறோம்" என்றார்கள். மறுத்தோம். 25 ஆயிற்று, பிறகு 30. அதற்கும் சம்மதிக்காததால், சொந்தச் செலவில் சீனாவுக்கு அனுப்பச் சொன்னார்கள். தபால் செலவே ஹெல்மெட் விலையை எட்டிவிடும், அதைத் தெரிந்துதான் சொல்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதுபோல் இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பும் பொது உரிமை சுவிஸ் சட்டத்தில் இல்லை. விளம்பரத்தில் சொன்ன பொருள் வரவில்லை என்று வழக்காடலாம்தான், ஆனால் யாரைத் தேடிப் போவது? கிரெடிட் கார்டில் கட்டியதால் வங்கியில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், முடிவு இன்னும் வரவில்லை. விற்பனைப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருந்தது உதவியது, ஏனென்றால் அந்தப் பக்கம் பிறகு காணாமல் போய்விட்டது.

லாகருக்கு ஊரிலுள்ள விளையாட்டுக் கடையிலேயே ஸ்கியோடு சேர்த்து ஹெல்மெட்டையும் சீசன் வாடகைக்கு எடுத்தோம். கடைக்காரப் பெண் புருவத்துக்கு மேலே நாடா பிடித்துத் தலையை அளந்தார். 54 சென்டிமீட்டர். வாரைப் பூட்டாமல் தலையை ஆட்டச் சொன்னார், ஹெல்மெட் நழுவக் கூடாதாம். பனிக் கண்ணாடியையும் போட்டுப் பார்த்தார், நெற்றியில் இடைவெளி விழுந்தால் குளிர் அங்கேதான் பிடிக்கும். லேபிளில் ஈஎன் 1077, பி வகை. காதுப் பகுதி மெத்தென்று இருப்பதால் சத்தம் நன்றாகக் கேட்கும். ஏ வகை தலையைக் கூடுதலாக மூடும், வேகமாக ஓடுகிற பிள்ளைகள் என்றால் அதைக் கேட்டு வாங்குங்கள். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும், மாற்ற வேண்டும். உள்ளே நசுங்கிய நுரை மீளாது. ஸ்கி பேர்ஸேயில் (பாவித்த ஸ்கிப் பொருட்கள் விற்கும் சந்தையில்) பழையது வாங்குகிறவர்களும் இதை யோசியுங்கள்.

அந்தக் கடை போன கிழமை வேறு பெயரில் மறுபடி விளம்பரத்தில் வந்தது. இந்த முறை பேர்னில் மூடுகிறார்களாம். படத்தில் அதே தம்பதிதான்.