சீனி வருத்தமுள்ள பூனைக்குப் புற்றுநோய்: ஸ்ரெரொயிட் கொடுப்பதா, விடுவதா?

இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கும் பூனைக்குக் குடலில் நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரியவந்தால், வைத்தியர் அநேகமாக முதலில் சொல்லும் மருந்து பிரெட்னிசோலோன் என்ற ஸ்ரெரொயிட். "ஐயோ, சீனி ஏறுமே!" என்று வீட்டுக்காரர் பதறுவார். ஏறும், உண்மைதான். அந்தப் பயத்தில் மருந்தையே விட்டுவிடுவது வன்னியில் அடிக்கடி நடக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான பூனைகளுக்குக் குளிசை வடிவில் ஸ்ரெரொயிட் கொடுத்து, ஏறும் சீனியை இன்சுலினால் சமாளிப்பதுதான் நல்லது. சீனி கூடிய பூனையோடு சில மாதங்கள் ஓட்டலாம். சாப்பாட்டை விட்ட பூனையோடு சில நாட்கள் ஓட்டுவதே கஷ்டம்.

புற்றுநோய் சீனியை ஒரே பக்கமாக இழுப்பதில்லை என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். உடலில் அழற்சி கூடும்போது இன்சுலின் சரியாக வேலை செய்யாது, சீனி ஏறும். கணையத்தில் கட்டி வந்தால் இன்சுலின் சுரக்கும் கலங்களே அழியலாம். மூளையடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் வரும் கட்டி வளர்ச்சி ஓமோனை அள்ளிக் கொட்டும். அந்தப் பூனைக்கு எவ்வளவு இன்சுலின் போட்டாலும் சீனி இறங்காது, நிறையோ கூடிக்கொண்டே போகும். பிரித்தானியாவில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், சீனி வருத்தமுள்ள பூனைகளில் ஏறத்தாழ நாலில் ஒன்றுக்கு இந்தக் கோளாறு இருக்கலாம் என்று தெரிந்தது. மறுபக்கம், பூனை சாப்பாட்டைக் குறைத்து மெலிந்தால் வழக்கமான இன்சுலின் அளவே அதற்குக் கூடிவிடும். அப்போது சீனி ஆபத்தாக விழும்.

இனி மருந்துகளுக்கு வருவோம். எங்கள் பகுதியில் உண்மையான போட்டி குளிசைக்கும் ஊசிக்கும் இடையில்தான். மாங்குளத்துக்கு உள்ளேயிருந்தோ துணுக்காயிலிருந்தோ பூனையைக் கூடையில் வைத்து பஸ்ஸில் கொண்டுவருபவருக்கு, "ஒரு ஊசி போட்டால் சில வாரத்துக்குக் காணும்" என்ற சொல் பெரிய ஆறுதல். ஆனால் சீனி வருத்தமுள்ள பூனைக்கு நான் வேண்டவே வேண்டாம் என்று சொல்வது அந்த நீண்டநாள் ஸ்ரெரொயிட் ஊசியைத்தான். உள்ளே போன மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. சீனி 400, 500 (mg/dL) என்று ஏறினாலும் மருந்து தன் காலம் முடியும்வரை வேலை செய்துகொண்டே இருக்கும். குளிசை என்றால் வைத்தியர் அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். வாங்கும்போது பெயரைக் கவனியுங்கள்: பூனைக்கு வேண்டியது பிரெட்னிசோலோன். பிரெட்னிசோன் என்பது வேறு, பூனையின் உடல் அதைச் சரிவரப் பயன்படுத்தாது.

பியூடெசொனைட் என்ற இன்னொரு ஸ்ரெரொயிட் குடலிலேயே வேலை செய்து, ஈரலில் பெரும்பகுதி உடைந்துபோகும். அதனால் சீனியை ஏற்றுவது குறைவு. ஆனாலும் முழுக்க இல்லை என்று சொல்ல முடியாது. குடல் நோய் மெதுவானது, பூனை ஓரளவு சாப்பிடுகிறது, ஆனால் சீனியைக் கட்டுப்படுத்துவது பெரும்பாடு என்றால் இதைப் பற்றி வைத்தியரிடம் கேட்கலாம். குடலுக்கு வெளியே பரவிய நோய்க்கு இதை நம்பியிருக்கக் கூடாது.

மெதுவாக வளரும் வகை நிணநீர்ப் புற்றுநோய்க்கு பிரெட்னிசோலோனோடு குளோரம்பியூசில் என்ற புற்றுநோய் மருந்தையும் சேர்த்துக் கொடுப்பார்கள். இரண்டு வருடம், அதற்கு மேலும் வாழ்ந்த பூனைகள் பல. குளோரம்பியூசில் சீனியை நேரடியாக ஏற்றாது. ஆனால் குளிரில் வைக்க வேண்டும், கையுறையோடு தொட வேண்டும், இரத்தக் கலங்களை இடையிடையே பரிசோதிக்க வேண்டும். வேகமாக வளரும் வகைக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அதில் பெரும்பாலும் மாதக் கணக்குத்தான்.

எந்த வகை என்று அறியத் திசுப் பரிசோதனை வேண்டும். எங்கள் அரச கால்நடை வைத்திய அலுவலகங்களின் வேலையில் பெரும்பகுதி மாடும் ஆடும் கோழியும். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்குப் போவதென்றால் ஏ9 வீதியில் கண்டிவரை போக வேண்டும். வசதி இருந்து போக நினைப்பவர்கள், ஸ்ரெரொயிட் தொடங்க முன்னரே போங்கள். தொடங்கிய பிறகு எடுக்கும் திசுவில் நோய் மறைந்து நிற்கலாம். போக முடியாதவர்கள் அதற்காகக் குற்றவுணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை. பிரெட்னிசோலோன் மட்டும் கொடுத்தாலும் வாந்தி குறைந்து, பசி திரும்பி, பூனை நிம்மதியாக இருக்கும் காலம் கிடைக்கும். அதுவும் வைத்தியம்தான்.

அடுத்த கேள்வி, சீனியை இறுக்கிப் பிடிப்பதா, கொஞ்சம் தளர விடுவதா? புற்றுநோய் இல்லாத பூனையென்றால், இன்சுலினே தேவைப்படாத நிலைக்குத் திரும்பும் வாய்ப்பு உண்டு, அதற்காக இறுக்கிப் பிடிப்பதில் நியாயம் இருக்கிறது. ஸ்ரெரொயிட் எடுக்கும் பூனைக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. நாளின் பெரும்பகுதி 150க்கும் 300க்கும் இடையில் நின்றால் எனக்குப் போதும். அதிகம் தண்ணீர் குடிக்காமல், நிறை குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மூத்திரம் பெய்த இடத்தில் எறும்பு மொய்த்தால் சீனி வெளியேறுகிறது என்று அர்த்தம். 60க்குக் கீழே விழுவதுதான் உடனடி ஆபத்து. பின்னங்கால் தள்ளாடும், உடம்பு நடுங்கும், வலிப்பும் வரலாம். தேனோ குளுக்கோஸ் கரைசலோ விரலில் தொட்டு முரசில் பூசிவிட்டு வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

அளக்கிற விதத்திலும் தெரிவு உண்டு. வைத்தியசாலையில் எடுத்த ஒற்றை அளவை நம்ப வேண்டாம். பயந்த பூனையின் சீனி அந்த நேரத்துக்கு 300ஐயும் தாண்டும். முந்திய ஓரிரு வாரச் சராசரியைக் காட்டும் பிரக்டோசமின் பரிசோதனை பொதுவாக நல்லதுதான். ஆனால் குடல் நோயால் இரத்தப் புரதம் குறைந்த பூனையில் அது பொய்யாகக் குறைத்துக் காட்டும். எனவே வீட்டில் காது விளிம்பில் எடுக்கும் ஒரு துளி இரத்தமே எனக்கு முதல் தெரிவு. துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து காதில் ஒற்றினால் இரத்தம் இலகுவாக வரும். மனிதருக்கான மீற்றர் பூனையில் உண்மையைவிடக் கொஞ்சம் குறைத்துக் காட்டும் என்பதையும் நினைவில் வைத்துப் படியுங்கள்.

இன்சுலின் ஊசிக்குப் பதிலாகப் பூனைக்கென்றே சீனியைக் குறைக்கும் வாய்வழி மருந்துகள் இப்போது வந்திருக்கின்றன. பெக்ஸாக்ளிபுளோசின் 2022இலும் வெலாக்ளிபுளோசின் 2023இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. புற்றுநோயுள்ள பூனைக்கு இவை உகந்தவை அல்ல. சாப்பாடு குறைந்த உடலில், சீனி சாதாரணமாகத் தெரியும்போதே கொழுப்பு உடைந்து உண்டாகும் கீற்றோன் அமிலம் கூடி உயிரைப் பறிக்கலாம். இன்சுலினே பாதுகாப்பு. அம்மம்மாவுக்கு வைத்திருக்கும் கலவை இன்சுலினைப் பூனைக்கு மாற்றிப் போட வேண்டாம், அதன் ஓட்டம் வேறு. பிரிஜ் இல்லாத வீட்டில், பாவனையில் உள்ள குப்பியை ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் சிறு சட்டியில் வைத்து, நிழலில் வையுங்கள்.

சாப்பிடாத நாளில் முழு அளவு இன்சுலின் கூடாது. பாதியா, விடுவதா என்பதை முன்பே வைத்தியரிடம் கேட்டு எழுதி வையுங்கள். பூனை சூடை மீன் மட்டும்தான் தின்னும் என்றால் அதையே கொடுங்கள். சோறு சீனியை ஏற்றும் என்றாலும் பட்டினியைவிட மேல். நோவுக்குப் பனடோல் கொடுக்கவே கூடாது, பூனைக்கு அது நஞ்சு. ஸ்ரெரொயிட் எடுக்கும் பூனைக்கு மெலொக்சிகாம் என்ற நோ மருந்தையும் சேர்க்கக் கூடாது. ஸ்ரெரொயிட்டைக் குறைக்கும்போது இன்சுலினையும் கூடவே குறைக்க வேண்டிவரும். குறைக்கச் சொல்லும் அன்றே இரண்டையும் பற்றிக் கேளுங்கள்.