பாசிக்குடாவில் 'உள்ளூர் விலை'க்கு அறை எடுக்கப் போகிறீர்களா?

மலையகத்தில் இருந்து கிழக்குக் கடற்கரைக்குப் போக நினைப்பவர்கள், முக்கியமாக ஆகஸ்ட் விடுமுறைக்கு வாட்ஸ்அப்பில் 'ரெசிடன்ட் ரேட்' கேட்டு அறை பிடிக்கிறவர்கள், அட்வான்ஸ் போடுவதற்கு முன் இதை ஒருமுறை வாசித்து விடுங்கள். ஹோட்டலின் பெயரைப் போடவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், அது முடியட்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது பெயர்ப்பலகை இல்லாத கள்ள ஹோட்டல் இல்லை. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு செய்து, வாசலில் நட்சத்திரம் போட்ட பித்தளைத் தகடு மாட்டிய இடம். அட்வான்ஸ் போனதும் கம்பனிக் கணக்குக்குத்தான். அதனால் "நல்ல ஹோட்டல்தானே, என்ன ஆகிவிடப் போகிறது" என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பதுளைப் பக்கத்து ஆட்களுக்கு பெந்தோட்டையை விடப் பாசிக்குடா கிட்ட. பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா என்று இறங்கி செங்கலடியில் ஏறினால், கிரான், வாழைச்சேனை தாண்டி, பாசிக்குடாவை ஒட்டிய கல்குடா வந்துவிடும். ஆகஸ்டில் தென்மேற்குப் பக்கம் கடல் கொந்தளிக்கும், இங்கே குளம் போலக் கிடக்கும். இடுப்பளவுத் தண்ணீரில் நீண்ட தூரம் நடக்கலாம். நீந்தத் தெரியாத என் மனைவியும் பயமில்லாமல் போய் நின்றாள். கடலைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. குறையெல்லாம் கரையில்தான்.

எங்கள் கல்யாண நாளுக்காகப் போனோம். ஹோட்டலின் வாட்ஸ்அப் இலக்கத்துக்குக் கேட்டதும் உடனே பதில் வந்தது. உள்ளூர்க்காரருக்கு விசேட கழிவு, கடல் பார்த்த டீலக்ஸ் அறை, ஹாஃப் போர்ட் (காலை, இரவுச் சாப்பாடு சேர்த்து), இரண்டு பேருக்கு ஓர் இரவு 48,000 ரூபாய். கூடவே படங்கள்: பல்கனி, இரண்டு நாற்காலி, அதற்கு அப்பால் நீலம். கல்யாண நாள் என்று சொன்னதும், "கேக், கடற்கரை அலங்காரம் எங்கள் அன்பளிப்பு" என்று இதயப் பொம்மையோடு ஒரு மெசேஜ். இரண்டு இரவுக்குப் பிடித்து, ஓர் இரவுக் காசை அட்வான்ஸாகப் போட்டோம்.

இரண்டு மணிக்கு அறை என்றார்கள். நான்கு மணி தாண்டியும் வரவேற்பறை சோபாவில்தான் இருந்தோம். எங்களுக்குப் பின்னால் வந்த வெளிநாட்டுக் குழு குளிர்பானம் குடித்து, மாலை போட்டு, மேலே ஏறிப் போய்விட்டது. அப்புறம் ஒரு பையன் எங்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கடலுக்கு முதுகைக் காட்டி நடக்க ஆரம்பித்தான். நீச்சல் குளம் போனது, சாப்பாட்டு மண்டபம் போனது, சமையலறைப் பின்வாசலும் போனது. கடைசிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஓர் அறையைத் திறந்தான்.

திரையை விலக்கினால் ஜெனரேட்டர் கொட்டில். பக்கத்தில் எரிவாயு சிலிண்டர்கள், உரித்த தேங்காய் மட்டைக் குவியல். ஏசியில் இருந்து வடியும் தண்ணீரைப் பிடிக்க, பெரிய தண்ணீர்ப் போத்தல் ஒன்றின் வெட்டிய அடிப்பாதியை மேசை மேல் வைத்திருந்தார்கள். அது நிறைய நிறைய நாங்களே கொண்டுபோய் ஊற்ற வேண்டும். படுக்கையில் துவாயை அன்னமாக மடித்து வைத்திருந்தார்கள், அதில் குறை வைக்கவில்லை.

முகாமையாளரிடம் போனோம். "சேர், டீலக்ஸ் என்றால் டீலக்ஸ்தான். இங்கேயிருந்து கடல் நூறு மீட்டர். மேலே எல்லாம் ஃபுல்." வாட்ஸ்அப்பில் வந்த படத்தைக் காட்டினேன். "அது மாதிரிப் படம் சேர்" என்றார். கடல் பார்த்த அறை என்று எழுத்திலேயே இருக்கிறதே என்று மனைவி கேட்டாள். "மெடம், ரெசிடன்ட் ரேட்டுக்கு அறை நாங்கள் ஒதுக்குவதுதான். வேண்டுமென்றால் வித்தியாசக் காசைக் கட்டி மாறலாம்." அறை ஃபுல் என்றவர் அடுத்த வாயிலேயே மாறலாம் என்கிறார்! காசைத் திருப்பிக் கேட்டால், அட்வான்ஸ் திருப்பித் தர முடியாதாம்.

இரவு அங்கே வேலை செய்கிற ஒரு தம்பி மெதுவாகச் சொன்னான்: "அண்ணன், மேல ரூம் சும்மாதான் கிடக்கு. அது டொலர்காரருக்கு வைக்கிற." இதை எழுதலாமா என்று யோசித்தேன். அங்கே அவனைப் போல நிறையப் பேர் வேலை செய்கிறார்கள், எவன் என்று கண்டுபிடிக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

இந்த இடத்தில்தான் விடயமே இருக்கிறது. ஹோட்டல்கள் உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு டொலரில் ஒரு விலை வைப்பது எல்லோருக்கும் தெரிந்தது. அதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இங்கே கழிவு என்ற பெயரில் கொடுத்ததை அறையில் பாதி, பில்லில் பாதி என்று திருப்பி எடுத்துவிட்டார்கள். புக்கிங் தளத்தில் பிடித்திருந்தால் அறையின் வகை, வரியோடு மொத்த விலை, ரத்து செய்யும் நிபந்தனை எல்லாம் உறுதிப்படுத்தும் கடிதத்தில் இருக்கும். பிறகு போய் விமர்சனமும் எழுதலாம். வாட்ஸ்அப்பில் பிடித்தால் ஹோட்டலுக்குக் கமிஷன் மிச்சம், நமக்குக் கையில் ஒன்றும் இல்லை.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பஃபே என்றார்கள், ஆட்கள் குறைவு என்று செட் மெனு ஆனது. மீன் கேட்டால் அதற்குத் தனி விலை. மேசையில் உட்கார்ந்ததும் வெயிட்டர் கேட்காமலே ஒரு கண்ணாடிப் போத்தல் தண்ணீரைத் திறந்து ஊற்றிவிடுவார். ஹாஃப் போர்டில் குடிவகை சேராது, தண்ணீரும் குடிவகைதான் என்பது பில்லில்தான் தெரிந்தது. போத்தல் ஒன்று 950 ரூபாய்.

அதைவிட வயிற்றெரிச்சல் தேத்தண்ணி. நாங்கள் ஊவாக்காரர். ஜூலை, ஆகஸ்ட் காய்ந்த காற்றில் வரும் கொழுந்துக்குத்தான் ஊவாத் தேயிலைக்கு அந்த மணம். அந்த ஆகஸ்டில், கொழுந்து பறித்தே என்னைப் படிக்க வைத்த அம்மாவின் மகனுக்கு, வெந்நீர்க் கோப்பையோடு நூல் தொங்கும் ஒரு பையைக் கொண்டுவந்து வைத்தார்கள். 900 ரூபாய்.

புறப்படும்போது வந்த பில்லை அப்படியே சொல்கிறேன். இரண்டு இரவு 96,000. அதன் மேல் 10 வீதம் சேவைக் கட்டணம் 9,600. அந்த மொத்தத்தின் மேல் 18 வீதம் வற் வரி 19,008. ஆக 124,608. வரி வேறு என்று வாட்ஸ்அப்பில் எங்காவது இருக்கிறதா என்று முகாமையாளரிடமே போனைக் கொடுத்தேன். மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, "பொதுவாக எல்லோருக்கும் தெரியும் சேர்" என்றார். தண்ணீர் 5,700, தேத்தண்ணி 1,800. கடைசியில் 'பீச் டெக்கரேஷன்' 12,500! மணலில் குத்திய நான்கு தடி, ஒரு வெள்ளைத் துணி, காற்றில் அணைந்த மெழுகுதிரிகள். அன்பளிப்பு என்று எழுதிய மெசேஜை மனைவி நீட்டினாள். அதைப் பார்த்த பிறகு அந்த 12,500ஐ மட்டும் வெட்டினார்கள். மற்றதில் ஒரு சதமும் குறையவில்லை.

அட்வான்ஸ் போக மீதி 84,108. வங்கி அட்டையை நீட்டினால் 3 வீதம் மேலே, அதாவது 2,523 ரூபாய். வேண்டாம் என்றால் வெளியே போய்க் காசு எடுத்து வாருங்கள் என்றார்கள். பாருங்கள், அட்டையில் கட்டும் வாடிக்கையாளரிடம் இப்படி மேலதிகமாக அறவிடக் கூடாது என்று மத்திய வங்கி பல தடவை அறிவித்திருக்கிறது. வேன் வாசலில் நின்றது, பிபிலைக் காட்டு வழியை இருட்டுக்கு முன் கடக்க வேண்டும். கட்டினோம். ஆனால் அந்த 3 வீதத்தைத் தனியாகக் காட்டிய பற்றுச்சீட்டு இல்லாமல் கதிரையை விட்டு எழும்ப மாட்டேன் என்று மனைவி இருந்துவிட்டாள். இப்போது எங்கள் கையில் இருக்கும் நல்ல ஆதாரம் அதுதான்.

48,000 மீதி என்று போனவர்கள் 86,631 கட்டிவிட்டு வந்தோம். வரியெல்லாம் சேர்த்து அந்த ஜெனரேட்டர் அறைக்கு ஓர் இரவு 62,304. 2024இல் தோட்டத் தொழிலாளிக்கு என்று நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் கணக்குப் பார்த்தால் நாற்பத்தாறு நாள் பேர் போட (வேலைக்குப் போக) வேண்டும். அம்மாவிடம் நாங்கள் வேறு தொகைதான் சொல்லியிருக்கிறோம்.

போகிறவர்கள் காசு போடுவதற்கு முன் ஹோட்டலிடம் இதைக் கேளுங்கள்: சேவைக் கட்டணம், வற் எல்லாம் சேர்த்து நாங்கள் கையில் கொடுக்கப் போகும் கடைசித் தொகை எவ்வளவு? அந்த எண்ணை எழுத்தில் வாங்குங்கள். "பிளஸ் டெக்ஸ்" என்று இழுத்தால், கணக்குப் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். அறைக்கு டீலக்ஸ், சுப்பீரியர் என்று எந்தப் பெயரும் வைப்பார்கள், அதற்கு அர்த்தமே இல்லை. எந்த மாடி, யன்னலைத் திறந்தால் என்ன தெரியும், அந்த அறை கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்புமா என்று கேளுங்கள். குரல் பதிவு வேண்டாம், எழுத்து வேண்டும். போய் இறங்கினால் பெட்டியை உள்ளே வைப்பதற்கு முன் அறையைப் பாருங்கள், படம் எடுங்கள். கேட்காமல் திறக்க வரும் தண்ணீர்ப் போத்தலைக் கையால் மறியுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: நுகர்வோர் அதிகார சபையின் இலக்கம் 1977, சுற்றுலாத் துறையின் இலக்கம் 1912. போனில் சொல்வதோடு நிற்காமல் எழுத்தில் கொடுங்கள். நுகர்வோர் அதிகார சபைக்கு என்றால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி சேவை பெற்ற மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை, மாவட்டச் செயலகத்தில் அந்தச் சபையின் அலுவலகம் இருக்கும். அட்டைக்கு மேலே எடுத்த காசைப் பற்றி உங்கள் வங்கிக்கும் எழுதுங்கள். நாங்கள் எல்லா இடத்துக்கும் பில், வாட்ஸ்அப் படங்கள், அறையின் படங்கள் சேர்த்து அனுப்பியாயிற்று.

ஹோட்டலில் இருந்து ஒரு பதில் வந்தது. மன்னிப்பு ஒரு வரி, அடுத்த வருகைக்கு 15 வீதம் கழிவு என்று ஒரு வவுச்சர். வேண்டாம், காசைத் தாருங்கள் என்று எழுதியிருக்கிறோம். அதற்குப் பிறகு அந்த வாட்ஸ்அப் இலக்கம் எங்களுக்குப் பதில் சொல்வதில்லை. மனைவியின் தங்கை வேறு இலக்கத்தில் இருந்து விலை கேட்டாள், ஐந்து நிமிடத்தில் பல்கனிப் படம் வந்தது. அதையும் முறைப்பாட்டோடு சேர்த்துவிட்டோம்.