ஐ.டி.ஐ. முடித்தபின் ஓராண்டு மெஷினிஸ்ட் அப்ரண்டிஸ்: சேரலாமா?

மெஷினிஸ்ட் டிரேடில் ஐ.டி.ஐ. சான்றிதழ் கையில் இருந்தாலும் கம்பெனி வாசலில் முதலில் கேட்பது "எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" என்றுதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி நடக்கும் ஓராண்டுப் பயிற்சியைவிட நல்ல வழி இப்போதைக்கு இல்லை. தாராளமாகச் சேரலாம். ஆனால் மெஷினை உங்கள் கையாலேயே செட் பண்ண விடுகிற இடமாகப் பார்த்துச் சேருங்கள். பட்டன் அமுக்க மட்டும் விடுகிற இடத்தில் ஓராண்டு நின்றால், ஹெல்பர் வேலையைக் குறைந்த பணத்துக்குச் செய்துவிட்டு வந்ததாகத்தான் முடியும்.

முதலில் பணம். 2019-இல் திருத்திய விதிப்படி குறைந்தபட்ச உதவித்தொகை, ஐ.டி.ஐ. முடித்தவருக்கு மாதம் 7,000 ரூபாய். பத்தாம் வகுப்போடு நேராக வருபவருக்கு 6,000. இதற்கு மேல் கொடுக்கத் தடையில்லை. ஆள் கிடைக்காத ஊர்களில் கூடுதலாகவும் தருகிறார்கள், கேன்டீன் சாப்பாடும் சேரும். தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் இருக்கும் கம்பெனி என்றால், குறைந்தபட்சத் தொகையில் 25 சதவீதம், அதிகபட்சம் 1,500 ரூபாய், அரசின் பங்கு. 2023 முதல் அந்தப் பங்கு பயிற்சியாளரின் வங்கிக் கணக்கிலேயே நேராக விழுகிறது. ஆகவே கம்பெனி 5,500 மட்டும் போட்டால் பணத்தைப் பிடித்துவிட்டார்கள் என்று அவசரப்பட வேண்டாம். கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்று முதலில் வங்கியில் கேளுங்கள். இணையாத கணக்குக்கு அரசுப் பங்கு வராது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் கிடையாது. வேலையிடத்தில் காயம் பட்டால் இழப்பீட்டுச் சட்டம் பொருந்தும். வெளியூரில் ரூம் எடுத்துத் தங்கினால் 7,000 நிச்சயம் போதாது; வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் கிடைத்தால் அதையே முதலில் பாருங்கள்.

பயிற்சி உருப்படியானதா என்பது முதல் சில வாரங்களிலேயே தெரிந்துவிடும். மில்லிங் மெஷினில் வைஸை (ஜாபை, அதாவது வெட்ட வேண்டிய துண்டைப் பிடிக்கும் இடுக்கியை) டயல் (நுண்ணிய விலகலை முள்ளில் காட்டும் கருவி) வைத்து நேராக்கும் வேலையை உங்களிடம் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். ஒரு போல்ட்டை அரைகுறையாக இறுக்கி, மற்றதைத் தளர்வாக விட வேண்டும். டயலை ஸ்பிண்டிலில் (மெஷினின் சுழலும் தண்டில்) பொருத்தி, முனையை வைஸின் நகராத தாடையான ஃபிக்ஸட் ஜாவில் தொட வைத்து, டேபிளை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஓட்ட வேண்டும். முள் எந்தப் பக்கம் விலகுகிறதோ அதற்கேற்ப நைலான் சுத்தியலால் தட்டித் தட்டி, 150 மி.மீ. நீளத்துக்கு 0.02 மி.மீ.-க்குள் கொண்டுவர வேண்டும். பிறகு இரண்டு போல்ட்டையும் முழுதாக இறுக்கிவிட்டு மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். இறுக்கும்போது வைஸ் லேசாகத் திரும்பும். கடைசியாக ஒருமுறை பார்க்காமல் விடுவதால்தான் ஜாப் சாய்வாக வருகிறது. நகரும் ஜாவில் டயல் வைத்துப் பார்ப்பது வீண். ஜாபைப் பிடிக்கும்போது அந்த ஜா மேலே தூக்கிக்கொள்ளும், அதை நம்பி அளக்க முடியாது.

அடுத்தது டிவைடிங் ஹெட், அதாவது ஜாபைச் சம பங்குகளாகத் திருப்பித் தரும் கருவி. அதன் கிராங்க் கைப்பிடியை 40 முறை சுற்றினால் ஜாப் ஒரு முழுச் சுற்று திரும்பும். 28 பல் கியர் வெட்ட வேண்டும் என்றால் 40-ஐ 28-ஆல் வகுத்து, ஒரு முழுச் சுற்றும் ஏழில் மூன்று பங்கும் வரும். 21 துளை வட்டத்தில் ஒரு சுற்று, 9 துளை. கணக்கு ஐ.டி.ஐ.யிலேயே சொல்லிக்கொடுத்ததுதான். தப்பு நடப்பது கையில். துளைகளின் எண்ணிக்கையைக் குறித்துவைக்கும் செக்டார் ஆர்மை வைக்கும்போது, கிராங்கின் பின் (ஊசி) ஏற்கெனவே மாட்டியிருக்கும் துளையையும் சேர்த்து ஒன்பது என்று எண்ணிவிடுவார்கள், ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு துளை குறையும். கிராங்க் துளையைத் தாண்டிப் போய்விட்டால் அப்படியே பின்னால் இழுத்துப் பின்னை மாட்டக் கூடாது. கால் சுற்றாவது திரும்பி வந்து, மறுபடி அதே திசையில் துளையை எட்ட வேண்டும்; இல்லையென்றால் வார்ம் கியரின் பேக்லாஷ் (பற்களுக்கிடையே உள்ள தளர்வு) வெட்டும் பல்லில் வந்து உட்காரும். இதெல்லாம் ஸ்கிராப் ஆனாலும் பரவாயில்லை என்று ஒரு துண்டு இரும்பைக் கொடுத்துப் பழக விடுகிற சூப்பர்வைசர் இருந்தால், அந்த இடத்தை விடாதீர்கள்.

அளவெடுப்பதில் வெப்பத்தைச் சொல்லித்தராத இடங்கள் நிறைய. 100 மி.மீ. ஸ்டீல் ஜாப் அறை வெப்பத்தைவிட 30 டிகிரி சூடாக இருந்தால் சுமார் 0.035 மி.மீ. கூடுதலாகக் காட்டும். 100 மி.மீ. எச்7 போருக்கு (எச்7 என்ற துல்லியத் தரத்தில் குடையும் துளைக்கு) அனுமதித்த மொத்த டாலரன்ஸே, அதாவது அளவில் ஏற்கும் வேறுபாடே, 0.035 மி.மீ. தான்! மெஷினிலிருந்து இறக்கிய சூட்டோடு அளந்து ஓகே சொன்ன ஜாப், ஆறியபின் இன்ஸ்பெக்‌ஷனில் ரிஜெக்ட் ஆவது இதனால்தான்.

இனி குறை. ஜாபை மாட்டு, கதவை மூடு, சைக்கிள் ஸ்டார்ட் அழுத்து, பிசிறு எடு, டிரேயில் அடுக்கு. சி.என்.சி. (கணினி இயக்கும் மெஷின்) ஷாப்புகள் பலவற்றில் அப்ரண்டிஸுக்குக் கிடைப்பது இவ்வளவுதான். ஆஃப்செட் (டூலின் அளவுத் திருத்தம்) பக்கத்தைத் திறக்கவே விடமாட்டார்கள். டர்னிங்கில் விட்டம் 0.04 கூடுதலாக வந்தால் எக்ஸ் வேர் ஆஃப்செட்டில் மைனஸ் 0.04 போட வேண்டும் என்பது ஒரு நிமிட வேலை. பிளஸ் போட்டால் ஜாப் இன்னும் பெருக்கும். போரிலும் இதே கணக்குதான்: விட்டம் கூடுதலாக வந்தால் மைனஸ், குறைந்தால் பிளஸ். ஜி54 எடுப்பது (ஜாபின் தொடக்கப் புள்ளியை மெஷினுக்குச் சொல்வது), டூல் நீளம் பிடிப்பது, புது புரோகிராமை சிங்கிள் பிளாக்கில் (ஒரு நேரத்தில் ஒரே வரியாக), ஃபீட் ஓவர்ரைடைக் குறைத்துவைத்து ஓட்டிப் பார்ப்பது என இவற்றைக் கையால் செய்யாதவரை வெளியே போய் செட்டர் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

பயிற்சியாளருக்கு சட்டம் தரும் பாதுகாப்பு பலருக்குத் தெரிவதே இல்லை. பிரிவு 13-இன்படி அப்ரண்டிஸுக்குப் பீஸ் கணக்கில் பணம் தரக் கூடாது, உற்பத்தி போனஸ் திட்டத்திலும் சேர்க்கக் கூடாது. பிரிவு 15-இன்படி அரசின் அப்ரண்டிஸ்ஷிப் அட்வைசரின் ஒப்புதல் இல்லாமல் ஓவர்டைம் பார்க்க வைக்கக் கூடாது. "டார்கெட் முடிச்சிட்டுப் போ" என்று உட்கார வைத்தால் அது பயிற்சியே அல்ல.

சேரும் முன் மூன்று விஷயத்தைத் தெளிவாகக் கேட்டுவிடுங்கள். அப்ரண்டிஸ்ஷிப் போர்ட்டலில் கான்ட்ராக்ட் பதிவாகி எண் வருமா? அதில் டிரேட் பெயர் மெஷினிஸ்ட் என்று, டெசிக்னேட்டட் (அரசு அறிவித்த) டிரேடாக இருக்கிறதா? அப்படி இருந்தால்தான் அகில இந்தியத் தேர்வு எழுதி தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் வாங்க முடியும். ஆப்ஷனல் (கம்பெனியே வகுத்த) டிரேட் என்றால் அதன் சான்றிதழே வேறு. மூன்றாவது, எந்த மாதம் எந்த மெஷின் என்று எழுத்தில் ஓர் அட்டவணை இருக்கிறதா? மில்லிங், கிரைண்டிங், லேத், சி.என்.சி. நான்கும் அதில் இருக்க வேண்டும். கிரைண்டிங் வீலை மாட்டுமுன் விரிசல் இருக்கிறதா என்று மரப்பிடியால் தட்டி ஓசை கேட்டுப் பார்க்கச் சொல்லித்தரும் கம்பெனியில் மற்றவையும் பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும்.

ஐ.டி.ஐ. போகாதவர்களுக்குச் சென்னை பெரம்பூரில் உள்ள ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். நல்ல வழி. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே ஆள் எடுக்கிறார்கள். பயிற்சி முடிந்ததும் வேலை உறுதி என்று யாரும் எங்கும் எழுதித் தரமாட்டார்கள். சட்டமும் அதைக் கம்பெனியின் கொள்கைக்கே விட்டிருக்கிறது. ரயில்வேயின் லெவல் 1 (கடைநிலை) பணிகளில் மட்டும், ரயில்வேயில் பயிற்சி முடித்து தேசியச் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு 20 சதவீத இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆகவே தேர்வை எழுதாமல் விட்டுவிட்டு அனுபவக் கடிதத்தோடு மட்டும் வெளியே வராதீர்கள். கான்ட்ராக்ட்டில் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கிறதா என்று சேர்ந்த வாரத்திலேயே சரிபார்த்துவிடுங்கள். சான்றிதழ் அச்சானபின் திருத்த அலைய வேண்டியிருக்கும்.