வாரண்ட் இல்லாமல் கைதா, நோட்டீஸா?

மாட்டுத்தாவணியில் பைக் நிறுத்துவதில் தகராறு என்று வைத்துக்கொள்வோம். கன்னத்தில் ஓர் அறை, லேசான வீக்கம். அது சாதாரணக் காயம். அதற்காக வாரண்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்ய முடியாது. அதே அறையில் பல் உடைந்துவிட்டால் கொடுங்காயம். வாரண்ட் தேவையில்லை.

சரி, அப்போதாவது உடனே ஜீப்பில் ஏற்றிவிடலாமா? அதுவும் இல்லை. கொடுங்காயத்துக்கு அதிகபட்சத் தண்டனை 7 ஆண்டு. அந்த அளவு வரையுள்ள குற்றங்களுக்கு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பிஎன்எஸ்எஸ் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு இரண்டு வழி தருகிறது.

கைது என்றால் காரணம் வேண்டும்: ஓடிவிடுவார், சாட்சியை மிரட்டுவார், தடயத்தை அழிப்பார், இப்படி ஏதாவது. அதை எழுதியும் வைக்க வேண்டும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்.

நோட்டீஸ் என்பது, இன்ன நாளில் ஸ்டேஷனுக்கு வா என்று எழுத்தில் தரும் தாள். சொன்னபடி போய் ஒத்துழைத்தால், காரணம் எழுதாமல் கைது செய்ய முடியாது. போகாமல் டிமிக்கி கொடுத்தால் கைதுக்கு நாமே வழிவிட்டதாகும். 'சும்மா வந்துட்டுப் போங்க' என்ற போன் அழைப்பு நோட்டீஸ் ஆகாது. வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் கூடாது என்று 2025இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

என்னைக் கேட்டால், பல் உடைந்த வழக்குக்கு நோட்டீஸே போதும். தாளை மட்டும் பத்திரப்படுத்துங்கள்.