"இன்னொரு பாட்டில், சார்?"

"அப்பாவோட அறுபதாம் கல்யாணம் முடிஞ்சு ராத்திரி சாப்பாட்டுக்கு அந்த ஸ்டார் ஹோட்டல் செட்டிநாட்டு ரெஸ்டாரன்ட் சரிப்படுமா?" என்று நண்பன் கேட்டான். போன சனிக்கிழமையோடு அங்கே மூன்று தடவை போயாயிற்று. ஒரு வரியில் பதில் வரவில்லை.

சாப்பாட்டைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். பல இடங்களில் செட்டிநாடு என்றால் மிளகாயை அள்ளிப் போடுவதோடு சரி. இங்கே மிளகுக் கோழியில் கல்பாசி வாசம் தனியாகத் தெரிகிறது. அப்புறம் அந்தக் கவுனி அரிசி இனிப்பு! முதல் தடவையே அதில் விழுந்துவிட்டேன். முதல் நாள் ராத்திரியே ஊற வைக்காவிட்டால் எத்தனை விசில் விட்டாலும் அந்தக் கறுப்பரிசி நறுக் நறுக்கென்றுதான் நிற்கும். இங்கே பல்லில் லேசாக உடைந்து, உடனே குழைகிறது. நெய் மிதக்கவில்லை, மணக்கிறது. காரைக்குடிக்காரரான என் மாமியார் கிண்ணத்தை வழித்துவிட்டு, "சீனி ஒரு கரண்டி தூக்கல்" என்றார். அவர் வாயில் இது பாராட்டுப் பத்திரம்.

வயிற்றெரிச்சல் தண்ணீரில்தான். நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் கண்ணாடி பாட்டிலின் மூடி 'டிக்' என்கிறது. வேண்டுமா என்ற கேள்வியே கிடையாது. முதல் தடவை உபசாரம் என்று நினைத்தேன். இரண்டாம் தடவை "சாதா தண்ணீர் போதும்" என்றேன்; "ஷ்யூர் சார்" என்று போனவர் பாட்டிலோடு வந்தார். இந்தத் தடவை மாமியார் கைப்பையிலிருந்து எவர்சில்வர் பாட்டிலை எடுத்து அண்ணாந்து குடித்தார். நான் நெளிந்தேன். அவர் தொடாத தம்ளரையும் நிரப்பினார்கள். எங்கள் தம்ளரில் இரண்டு விரல் இறங்கினால் போதும், தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீளும். அந்தப் பையனைத் திட்ட மனம் வரவில்லை. மேஜைக்கு இத்தனை என்று மேலிடத்துக் கணக்கு இருக்கும் போல.

பில்லில் ஐந்து பாட்டில், ஒன்று 250 ரூபாய். ஹோட்டலில் பரிமாறும் பாட்டிலுக்கு எம்ஆர்பி கட்டுப்பாடு பொருந்தாது என்று 2017-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டதால் விலையில் மல்லுக்கட்ட வழியில்லை. 10 சதவீத சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாக வாங்கக் கூடாது என்பதை டெல்லி ஐகோர்ட் 2025 மார்ச்சில் உறுதிசெய்திருந்ததால், அதை மட்டும் எடுக்கச் சொன்னேன். முகம் சுளிக்காமல் எடுத்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். அப்படியும் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து, தண்ணீருக்கு மட்டும் 1,475 ரூபாய். ஒரு கிண்ணம் கவுனி அரிசி 400. அந்தக் காசுக்கு இன்னும் மூன்று கிண்ணம் சாப்பிட்டிருப்பேன்.

ஆகவே நண்பா, போகாதே. நானும் இனி அந்தப் பக்கம் போவதாக இல்லை. கவுனி அரிசியை மட்டும் பார்சல் தருவார்களா என்று நாளைக்கு போன் போட்டுக் கேட்க வேண்டும்.